மாப்பிள்ளை வீட்டு வம்சாவளி

கும்பகோணம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம்.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய வம்சாவளிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் தாத்தாவில் தொடங்கி, இங்கிலாந்தின் நார்ஃபோக் கிராமங்கள் வழியாகப் போய், 1560-களில் கேடயமும் சின்னமும் வைத்த ஒரு பிரபுவிடம் முடிகிறது. குட்டியின் பிறந்தநாளுக்குச் சட்டம் போட்டு மாட்டப் போவதாகச் சொன்னாய். கொஞ்சம் பொறு. சார் பதிவாளர் அலுவலகத்திலேயே தலை நரைத்தவன் நான். தாய்ப் பத்திரம் பார்க்காமல் எனக்கு எதுவும் நம்ப வராது.

1793-ல் கல்யாணமான ஜான், 1768-ல் ஞானஸ்நானம் பெற்றவன் என்று படத்தில் இருக்கிறது. அதே பாரிஷின், அதாவது ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப் பகுதியின், அடக்கப் பதிவுகளை ஃப்ரீரெக் தளத்தில் தேடினேன். தன்னார்வலர்கள் படித்து ஏற்றி வைத்திருக்கிறார்கள், காசு கிடையாது. 1769 ஜூனில் அதே பெயர், அதே தகப்பன் பெயர், 'குழந்தை' என்று குறிப்பு. இறந்துபோன பிள்ளைக்குக் கல்யாணம் செய்து வைத்து, ஏழு பேரையும் பெறவைத்திருக்கிறார்கள்! இனி ஞானஸ்நானம் ஒன்று கிடைத்தால், கையோடு அடக்கத்தையும் தேடு. அந்தக் காலத்தில் ஒரு பிள்ளை தவறினால் அடுத்ததற்கும் அதே பெயரை வைப்பது சகஜம்.

இது உங்கள் இருவர் வேலை இல்லை என்று எனக்குத் தெரியும். நீங்கள் படம் எடுத்த வம்சாவளித் தளம் யாரோ போட்ட மரத்தை அப்படியே நீட்டியிருக்கிறது. ஒருவர் போட்டதைப் பத்துப் பேர் நகல் எடுத்தால், அதற்குப் பத்து சாட்சி இருப்பதுபோலத் தோன்றும். சாட்சி அந்த முதல் ஆள் மட்டும்தான், அவரும் பதிவேட்டைத் திறந்து பார்க்கவில்லை.

பாரிஷ் பதிவேடு எதற்காக வந்தது என்று தெரிந்தால், அதில் எதைத் தேடலாம், எதைத் தேடக் கூடாது என்பது புரிந்துவிடும். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் 1538-ல் போட்ட உத்தரவு அது. ஒவ்வொரு பாரிஷிலும் ஒரு புத்தகம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த வாரத்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பாதிரியார் எழுத வேண்டும். புத்தகம் வைக்கும் பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி பாதிரியாரிடம், மற்றது கோயில் காரியஸ்தர்களிடம். எழுதாமல் விட்டால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் அபராதம். ஜனங்கள் புதிதாக ஏதோ வரி வரப்போகிறது என்று பயந்தார்களாம். அரசாங்கம் பெயர் எழுதுகிறது என்றால் எங்கேயும் அதே பயம்தான். தொடக்கத்தில் பலர் காகிதத்தில் எழுதினார்கள். 1598-ல், பழையதைத் தோலில் பெயர்த்து எழுதுங்கள், முக்கியமாக எலிசபெத் ராணி பட்டத்துக்கு வந்த 1558-லிருந்து, என்று உத்தரவு வந்தது. 'முக்கியமாக' என்றதைச் சாக்காக வைத்துப் பலரும் முந்தைய இருபது வருஷத்தை விட்டுவிட்டார்கள். எந்த அலுவலகத்திலும் நடப்பதுதான். ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானப் பதிவே, 1564 ஏப்ரல் 26, இன்று நாம் பார்ப்பது 1600 வாக்கில் எடுத்த நகல். அவர் பிறந்த தேதி அதில் கிடையாது, தலையில் தண்ணீர் ஊற்றிய தேதிதான் உண்டு.

அதே 1598-ல் இன்னொரு நல்ல காரியமும் செய்தார்கள். வருஷா வருஷம் ஒரு பிரதி பிஷப்புக்குப் போக வேண்டும் என்றார்கள். பாரிஷ் புத்தகத்தை எலி தின்றிருந்தால் அந்தப் பிரதி கைகொடுக்கும். இரண்டும் இருந்தால் இரண்டையும் பார், சில சமயம் ஒன்றில் இல்லாத பெயர் மற்றதில் இருக்கும். 1640-களிலும் 1650-களிலும் உள்நாட்டுப் போரால் பல ஊர்களில் ஓட்டை விழுந்திருக்கிறது. உன் படத்தில் அந்த இருபது வருஷமும் ஒரு ஆள் விடாமல் பளிச்சென்று இருப்பதுதான் எனக்கு முதலில் உறுத்தியது.

மாப்பிள்ளை ஒன்றைச் சொல்லிச் சிரித்ததாக எழுதியிருந்தாய். அவருடைய மூதாதை ஒருவர் 1740 ஏப்ரலில் கல்யாணம் பண்ணிக்கொண்டார், முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் 1740 பிப்ரவரியிலேயே ஆகிவிட்டது என்று. அவரிடம் சொல், அவருடைய பாட்டி மானம் கெடவில்லை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் வருஷம் பிறந்தது மார்ச் 25-ல். 1740 மார்ச் 24-க்கு மறுநாள் 1741 மார்ச் 25. சித்திரையில் வருஷம் பிறக்கும் நமக்கு மாசி வருஷக் கடைசிப் பக்கம் வருகிற மாதிரி, அவர்களுக்கு ஏப்ரலுக்குப் பத்து மாதம் கழித்துத்தான் அந்தப் பிப்ரவரி வந்தது. நம் கணக்குக்கு 1741 பிப்ரவரி. கச்சிதமாகப் பத்து மாதம், உன் அம்மாகூட விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். இனி 1752-க்கு முந்தைய ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதிகளை 1740/41 என்று இரட்டையாகவே குறித்துக்கொள்.

சரி, ஜானுக்கு வருவோம். பக்கத்துப் பாரிஷில் 1771-ல் இன்னொரு ஜான் இருக்கிறான். மூன்று மைல் தூரம்தான், கல்யாணத்துக்கு நடந்தே வரலாம். உங்கள் ஜான் 1844-ல் அடக்கமானபோது வயது 73. 1813-லிருந்து அச்சடித்த படிவம் வந்ததால் அடக்கப் பதிவில் வயதும் ஊரும் இருக்கின்றன. கணக்கு 1771-க்குச் சரியாக வருகிறது. அதற்காக இவன்தான் என்று எழுதிவிடாதே. வயதைக் குத்துமதிப்பாகச் சொன்ன காலம் அது. பென்சிலால் ஒரு கேள்விக்குறியோடு போட்டு வை.

கல்யாணப் பதிவிலேயே தகப்பன் பெயர் இருந்தால் தகராறே இல்லை. ஆனால் அந்தக் கட்டம் வந்தது 1837 ஜூலையில்தான். 1793-ல் மணமக்கள் பெயர், பாரிஷ், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்களா லைசென்ஸா, கையெழுத்து அல்லது எழுதத் தெரியாதவர் போடும் கீறல், இரண்டு சாட்சிகள், அவ்வளவே. 1754-லிருந்து அமலான சட்டத்தால் அதுவாவது கிடைத்தது. தாய் பெயருக்குக் கட்டம் வந்தது எப்போது தெரியுமா? 2021 மே மாதம். அதற்கு முன்னால் பதிவான உன் கல்யாணச் சான்றிதழில் என் பெயரும் உத்தியோகமும் இருக்கிறது, பத்து மாதம் சுமந்தவள் பெயர் இல்லை. இதைச் சொன்னதும் அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

உங்களுக்கு உண்மையான ஆதாரம் கிடைக்கக்கூடிய இடம் வேறு. பாரிஷ் பெட்டியில் ஏழைகள் சம்பந்தமான காகிதங்களும் இருந்தன. 1662 சட்டப்படி, சோற்றுக்கில்லாமல் நிற்பவனை அவன் சொந்தப் பாரிஷுக்குத் திருப்பி அனுப்பலாம். அதனால் அவனை உட்காரவைத்து எங்கே பிறந்தாய், யாரிடம் வேலை பார்த்தாய், என்ன கூலி, எத்தனை பிள்ளை என்று விசாரித்து எழுதினார்கள். கல்யாணமாகாதவன் ஒரே இடத்தில் முழு வருஷம் வேலை பார்த்தால் அந்தப் பாரிஷில் உரிமை வந்துவிடும் என்பதால், சில பண்ணைக்காரர்கள் வருஷத்துக்குச் சில நாள் குறைத்தே ஆள் எடுத்தார்கள். என்ன சாமர்த்தியம் பார்! சொந்த நிலம் இல்லாத ஒரு பண்ணையாள் தன் கதையைத் தன் வாயால் சொன்னது தாளில் இருக்கிறது என்றால் அது பெரும்பாலும் இந்த விசாரணையில்தான். உங்கள் ஜானும் பண்ணைக் கூலி. பஞ்ச காலத்தில் அவன் ஒரு தடவையாவது இந்த விசாரணைக்கு நின்றிருக்க வாய்ப்பு உண்டு. அப்படி ஒரு தாள் அகப்பட்டால், கேடயம் வைத்த பிரபுவைக் கழற்றிவிட்டு அதைச் சட்டம் போடு. என் பேரனுக்கு அந்தப் பாட்டன் போதும்.

குட்டியிடம் இன்னொரு பதிவையும் காட்டு. 1616 டிசம்பர் 22, லண்டன் செயின்ட் டயோனிஸ் பேக்சர்ச் கோயிலில், வங்கக் கடலோரத்திலிருந்து கப்பலில் வந்த ஒரு இளைஞனுக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது. பாட்ரிக் கோப்லண்ட் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் பாதிரியார் மசூலிப்பட்டினத்திலிருந்து கூட்டிப் போனவன். பீட்டர் என்ற பெயரை ஜேம்ஸ் மன்னரே தேர்ந்தாராம். பெற்றவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதைப் பதிவேடு எழுதவில்லை. நமக்கு உறவில்லை, மரத்தில் சேர்த்துவிடாதே. நம்ம பக்கத்து ஆள் ஒருவன் நானூறு வருஷத்துக்கு முன்பே அந்த ஊர்ப் புத்தகத்தில் இருக்கிறான் என்று குட்டிக்குத் தெரியட்டும்.

நம் பக்கத்துப் பெயர்களைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். தர்ப்பணத்தில் சொல்லும் மூன்று தலைமுறைதான் எனக்கு நிச்சயம். அதற்கு மேல் உன் பெரியத்தை சொல்லும் கதைகளுக்கும் பென்சில்தான்.

நார்விச்சில் கவுண்டி ஹாலை ஒட்டித்தான் ஆவணக் காப்பகம், நீயே போய் வரலாம். பேனாவைப் பையில் போட்டுவிடு, அந்த மாதிரி இடங்களில் பென்சில்தான் அனுமதிப்பார்கள். 1771 ஜானுக்கு அடக்கம் இருக்கிறதா என்று பக்கத்துப் பாரிஷ் புத்தகத்தை முதலில் பார். அடுத்தது இரண்டு பாரிஷுக்கும் ஏழைகள் விசாரணைக் காகிதங்கள் உண்டா என்று கேள். 1793 கல்யாணப் பதிவில் ஜான் கையெழுத்துப் போட்டானா கீறினானா, சாட்சிகள் யார் என்று படித்து எனக்கு எழுது. ஒரு சாட்சி பக்கத்துப் பாரிஷ்காரனாக இருந்தால் உடனே போன் செய், இங்கே மணி என்ன என்று பார்க்க வேண்டாம்.

அன்புடன்,
அப்பா