முழுநேர நடனப் பயிற்சி: சேருமுன் கேட்க வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிப் படிப்பு முடிந்ததும் முழுநேர நடனப் பயிற்சியில் சேர ஆசைப்படும் பிள்ளைகளிடம், "முதலில் ஒரு பட்டம் வாங்கிவிடு, நடனத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் சொல்வது வழக்கம். மேடையையே தொழிலாக்க நினைப்பவருக்கு இந்த வரிசை பெரும்பாலும் பொருந்தாது. பட்டத்தை முப்பத்தைந்து வயதிலும் படிக்கலாம். உடலைப் பழக்கும் வயது அதுவரை காத்திருக்காது. குறிப்பாக மேற்கத்திய செவ்வியல் நடனமான பாலேயில் அவகாசம் மிகக் குறைவு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் 1973 முதல் நடக்கும் இளையோர் பாலே போட்டிக்கு வயது வரம்பே 15 முதல் 18 வரைதான்.

ஆனால் 'தொழில்முறைப் பயிற்சி' என்று பலகை மாட்டிய இடமெல்லாம் அப்படிப்பட்டதல்ல. முதலில் வாராந்திர அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஐந்தாறு நாள், மொத்தம் 25 மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். தினமும் காலையில் ஒன்றரை மணி நேர அடிப்படை வகுப்பு, அதற்குப் பிறகே ஒத்திகை. அட்டவணை முழுக்க ஒத்திகையும் நிகழ்ச்சியுமாக இருந்தால், அங்கே மாணவர்கள் சம்பளமில்லாத கலைஞர்கள், அவ்வளவுதான்.

அடுத்து, தரையைப் பாருங்கள். பலரும் கவனிக்காத விஷயம் இது. குதித்து இறங்கும்போது உடல் எடையைப் போல் சில மடங்கு விசை காலில் இறங்குகிறது. கான்கிரீட்மீது நேரடியாக வினைல் ஒட்டிய தரை அதை வாங்கிக்கொள்ளாது. பாத எலும்பிலும் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பிலும் மயிரிழை விரிசல் விழக்கூடும், ஆறப் பல வாரங்கள் பிடிக்கும். அடியில் மரச்சட்டமோ ரப்பர் திண்டோ கொடுத்து, மிதித்தால் சற்றே இறங்கி எழும் மரத்தளம்தான் தேவை. பரதநாட்டியத்தில் முழங்காலை வெளிப்புறம் மடித்து நிற்கும் அரைமண்டியானாலும் பாலேயானாலும் கால் இடுப்பு மூட்டிலிருந்து திரும்ப வேண்டும். பாதத்தைப் பிடித்து வெளிப்புறம் திருப்பிவிடும் ஆசிரியர் முழங்காலைக் கெடுத்துவிடுவார். எல்லார் முன்னிலும் எடை பார்க்கும் இடமும் வேண்டாம். எடைக்குப் பயந்து, பயிற்சிக்கு ஈடாகச் சாப்பிடாவிட்டால் மாதவிடாய் நின்றுபோகலாம், எலும்பு வலுவிழக்கலாம். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்குத் தனிப்பெயரே கொடுத்து எச்சரித்தது.

ஆடிஷனுக்குத் தனி நடனத்தை மாதக்கணக்கில் மெருகேற்றிவிட்டு, எல்லாரையும் ஒன்றாக வகுப்பில் ஆடவைத்துப் பார்க்கும் சுற்றிலேயே வெளியேறுகிறவர்கள் அதிகம். புதிய அசைவுக் கோர்வையை எத்தனை வேகமாகப் பிடிக்கிறார், சொன்ன திருத்தத்தை அடுத்த முறையே செய்கிறாரா என்பதைத்தான் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள். தெரியாத ஆசிரியர்களின் வகுப்புகளுக்குப் போய்ப் பழகுவதே இதற்கு நல்ல தயாரிப்பு.

சான்றிதழ் விஷயத்தில் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். டிப்ளமோவுக்குப் பல்கலைக்கழக அங்கீகாரம் உண்டா, பின்னாளில் பட்டம் படித்தால் எத்தனை மதிப்பலகுகள் (கிரெடிட்) கழித்துக்கொள்ளப்படும் என்பதை எழுத்தில் பெறுங்கள். பள்ளி ஆசிரியர் வேலைக்கும் முதுகலைக்கும் பல இடங்களில் பட்டம் கேட்பார்கள். கடந்த மூன்று ஆண்டுகளில் முடித்தவர்களில் யார் யார் சம்பள ஒப்பந்தத்தில் ஆடுகிறார்கள் என்று விசாரியுங்கள். நடுவில் காயம்பட்டால் கட்டணம் என்னாகும், அடுத்த ஆண்டு அதே இடத்தில் தொடரலாமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

கூடவே பல்கலைக்கழகத்துக்கும் விண்ணப்பியுங்கள். இடம் கிடைத்தால், சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். பல பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கின்றன. கடைசித் தேதிக்குள் கடிதம் கொடுக்காவிட்டால் அந்த இடம் போய்விடும்.

இப்படிக்கு,
நடன ஆசிரியர்கள் இருவர்