கலரை மாத்தச் சொன்னா கலரை மட்டும் மாத்துங்க

சார்ட் போட்டுத் தர்ற ஏஐ அசிஸ்டன்ட்களை உருவாக்குற எல்லாருக்கும் வணக்கம்.

நான் ப்ரோகிராமர் இல்ல. ஆனா தினமும் கையில ஏதாவது ஒரு சிஎஸ்வி ஃபைலோ எக்செல் ஷீட்டோ இருக்கும், அதை நாலு பேருக்குப் புரியுற மாதிரி காட்டணும், அதுதான் என் வேலை. நீங்க செஞ்சு வச்சிருக்கறது எவ்ளோ பெரிய உதவின்னு முதல்ல சொல்லிடறேன். முன்னாடி லெஜண்டை (எந்தக் கலர் எதைக் குறிக்குதுன்னு சொல்ற பெட்டி) வலது பக்கத்துலேர்ந்து மேல கொண்டு போறதுக்கே பாதி நாள் போயிடும், எந்த மெனுவுக்குள்ள எந்த ஆப்ஷன் இருக்குன்னே தெரியாது. இப்ப "லெஜண்டை மேல வை, எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு"ன்னு பேசுற மாதிரி டைப் பண்ணா வேலை முடிஞ்சுடுது. அந்த நன்றியோடதான் இதை எழுதறேன்.

ஒரு சம்பவம் சொல்றேன். ஒரு ஹெல்ப்லைனுக்கு தினம் எத்தனை கால் வந்துச்சுங்கற கணக்கு, ஏப்ரல் மாசம் மட்டும், 30 வரி. தேதி எல்லாம் நாள் முதல்ல, மாசம் அடுத்து, கடைசில வருஷம், அப்படித்தான் எழுதியிருந்துச்சு. வருஷத்தை விட்டுட்டுச் சொன்னா: 01/04, 02/04, 03/04, இப்படியே 30/04 வரைக்கும். ஒரு லைன் சார்ட் போடுன்னு கேட்டேன். அழகா வந்துச்சு, தலைப்பு, கட்டம் எல்லாம் பக்காவா இருந்துச்சு, கோடு ஜனவரில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடிஞ்சுது.

நான் குடுத்தது ஒரே ஒரு மாசம்ங்க.

என்ன ஆச்சுன்னு அசிஸ்டன்ட் எழுதின ப்ரோகிராம் கோடைத் திறந்து, அந்த அசிஸ்டன்ட்டையே வரிக்கு வரி விளக்கச் சொல்லித்தான் புரிஞ்சுது. அந்தக் கோடு டேட்டாவைப் படிக்க பாண்டாஸ்னு ஒரு பைத்தான் தொகுப்பைப் பயன்படுத்துது. அது இந்த மாதிரி தேதியைப் பாத்தா, நாம எதுவும் சொல்லலைன்னா, மாசம்தான் முதல்லன்னு எடுத்துக்கும். அதனால 01/04 ஜனவரி 4 ஆயிடுச்சு, 02/04 பிப்ரவரி 4, இப்படியே 12/04 டிசம்பர் 4. பதிமூணாவது மாசம்னு ஒண்ணு கிடையாதே, 13/04-ல வந்து முட்டி நிக்கணும், எரர் வரணும், வந்திருந்தா நானும் அப்பவே கவனிச்சிருப்பேன். ஆனா உங்க அசிஸ்டன்ட் எழுதின கோடுல, படிக்க முடியாத தேதி வந்தா எரர் காட்டாம காலியா விட்டுடுன்னு ஒரு சின்ன ஆப்ஷன் சேத்து விட்டிருந்துச்சு. 18 நாள் சத்தமே இல்லாம போயிடுச்சு, மிச்சம் 12 புள்ளியும் ஒவ்வொரு மாசம் 4-ஆம் தேதில போய் உக்காந்துக்கிச்சு.

ஒரு மாச டேட்டாங்கறதால கண்ணுல பட்டுச்சு. இதே ஒரு முழு வருஷ டேட்டாவா இருந்திருந்தான்னு கணக்குப் போட்டுப் பாத்தேன். 365 நாள்ல 221 நாள் காணாம போகும், மிச்சம் இருக்கற 144-ல சரியான தேதில நிக்கறது 01/01, 02/02 மாதிரி வெறும் 12 நாள்தான், மத்ததெல்லாம் இடம் மாறிப் போயிருக்கும். தேதி வாரியா அடுக்கி கோடு இழுத்துட்டா ஜனவரிலேர்ந்து டிசம்பர் வரைக்கும் ஒரு நல்ல கோடு வரும், யாருக்கும் சந்தேகமே வராது. இதை நினைச்சாத்தான் எனக்கு வயித்தைக் கலக்குது, ஏன்னா அந்தக் கோட்டைப் பாத்துட்டு எந்த மாசம் எத்தனை ஆள் போடணும்னு ஒருத்தர் முடிவு எடுப்பாங்க.

கேக்காம தானா மாத்தறது எவ்ளோ தூரம் போகும்ங்கறதுக்கு பழைய உதாரணம் ஒண்ணு இருக்கு. எக்செல்ல மார்ச்1, செப்ட்2-ன்னு ஜீன் (மரபணு) பேரை டைப் பண்ணா அது தேதியா மாறிடும். 2016-ல வந்த ஒரு ஆய்வுல, எக்செல் ஜீன் லிஸ்ட் இணைச்சிருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுல இந்தத் தப்பு இருந்துச்சுன்னு கண்டுபிடிச்சாங்க. கடைசில 2020-ல ஜீனுக்குப் பேர் வைக்கிற கமிட்டியே இறங்கி வந்து மார்ச்1-ஐ மார்ச்எஃப்1-ன்னும் செப்ட்2-வை செப்டின்2-ன்னும் மாத்திட்டாங்க. சாஃப்ட்வேர் ஒரு வார்த்தை கேக்காததுக்கு அறிவியல்ல பேரையே மாத்த வேண்டி வந்துச்சு. அந்தத் தானா மாத்தற வேலையை நிறுத்தி வைக்கற செட்டிங் 2023-லதான் எக்செல்ல வந்துச்சு. அது ஒரு கட்டத்துக்குள்ள நடந்த தப்பு, கட்டத்தைப் பாத்தா கண்டுபிடிச்சுடலாம். உங்க அசிஸ்டன்ட் பண்றது நான் பாக்காத ப்ரோகிராம் கோடுக்குள்ள நடக்குது, எனக்குத் தெரியறது படம் மட்டும்தான்.

அடுத்தது, மாத்தச் சொல்றப்போ நடக்கறது. எனக்கு இதுதான் ரொம்ப வலிக்குது. ஒரு பார் சார்ட் இருந்துச்சு, எல்லா பாரும் ஒரே நீலமா இருக்கட்டும்னு மட்டும் கேட்டேன். நீலமா மாத்தி குடுத்துச்சு, கூடவே பார்களோட வரிசையையும் மாத்திடுச்சு, சைபர்லேர்ந்து ஆரம்பிச்ச அச்சை (உசரத்தை அளக்கற ஓரக் கோடு) 40-லேர்ந்து ஆரம்பிச்சுடுச்சு. 48-ம் 52-ம் பக்கத்துல பக்கத்துல நின்னா கிட்டத்தட்ட சமமாத்தான் தெரியணும். 40-லேர்ந்து ஆரம்பிச்சா கண்ணுக்குத் தெரியறது 8-ம் 12-ம், ஒண்ணு இன்னொண்ணைவிட ஒன்றரை மடங்கு உசரம். பார் சார்ட்ல நாம பாக்கறதே நீளத்தைத்தான், அந்த நீளமே பொய் சொன்னா அப்புறம் என்ன இருக்கு? நான் கேட்டது கலர்ங்க.

ஏன் இப்படின்னா, சின்ன மாத்தத்துக்கும் முழு ப்ரோகிராம் கோடையும் திரும்ப முதல்லேர்ந்து எழுதுது. எழுதறப்போ முன்னாடி என்ன முடிவு எடுத்தோம்ங்கறது நழுவிடுது. ஏழெட்டு தடவை மாத்தின பிறகு ஒருநாள் பாத்தா, ஃபைலைப் படிக்கறதையே விட்டுட்டு நம்பரையெல்லாம் கோடுக்குள்ளயே டைப் பண்ணி வச்சிருந்துச்சு. 24 நம்பர் இருக்க வேண்டிய இடத்துல 23. எது விட்டுப் போச்சுன்னு ஃபைலையும் கோடையும் பக்கத்துல வச்சு விரல் வச்சு எண்ணிக் கண்டுபிடிச்சேன்.

இன்னொண்ணு, "சிம்பிளா காட்டு"ன்னு சொன்னா உடனே புள்ளியையெல்லாம் எடுத்துட்டு சராசரிக்கு ஒரு பார் போட்டுடறது. 1973-ல ஆன்ஸ்கோம்ப்னு ஒரு புள்ளியியல் அறிஞர் நாலு சின்ன டேட்டா போட்டுக் காமிச்சாரு, ஒவ்வொண்ணுலயும் 11 புள்ளி. நாலுலயும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, எக்ஸும் ஒய்யும் எவ்ளோ சேந்து நகருதுங்கற தொடர்பு 0.816-னு எல்லாம் ஒண்ணுபோலவே வரும். வரைஞ்சு பாத்தா ஒண்ணு சாதாரணமா சிதறி இருக்கும், ஒண்ணு வளைஞ்சு போகும், ஒண்ணுல எல்லாம் நேர்கோட்டுல நிக்க ஒரே ஒரு புள்ளி மட்டும் துள்ளி நிக்கும், இன்னொண்ணுல பத்து புள்ளி ஒரே செங்குத்துல நிக்க ஒண்ணு மட்டும் தூரத்துல இருக்கும். சார்ட் போடறதே இதைப் பாக்கத்தான். சராசரி பார் போட்டா நாலும் ஒரே படம்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு சார்ட்டுக்கும் கீழ ஒரே ஒரு வரி போடுங்க: ஃபைல்ல இத்தனை வரி இருந்துச்சு, படத்துல இத்தனை இருக்கு, விட்டது இத்தனை, இந்தக் காரணத்துக்காக. காலியா இருந்த கட்டத்தை என்ன பண்ணீங்கன்னும் அதுலயே சொல்லிடுங்க, ஏன்னா பிரிவு வாரியா கூட்டறப்போ பிரிவு எழுதாத வரியை பாண்டாஸ் தானாவே விட்டுடும், அதுவும் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. தேதில சந்தேகம் வந்தா யூகிக்காம "இது நாள் முதலா மாசம் முதலா"ன்னு ஒரு கேள்வி கேளுங்க, பதில் சொல்ல எனக்கு ரெண்டு செகண்ட் ஆகாது. மாத்தச் சொன்னா மாத்தினதை மட்டும் காமிங்க, கலர் மாறிச்சு, அச்சு மாறலை, வரிசை மாறலைன்னு. நம்பரை எப்பவும் ஃபைல்லேர்ந்தே எடுங்க. நல்லதுன்னு தோணுச்சுன்னா சொல்லுங்க, சிவப்பும் பச்சையும் பக்கத்துல வச்சா சில பேருக்கு வித்தியாசம் தெரியாதுன்னு ஒருதடவை உங்க அசிஸ்டன்ட் சொல்லித்தான் நானே கத்துக்கிட்டேன், அது சந்தோஷமா இருந்துச்சு. அப்ப சொல்லிட்டு, மாத்தவான்னு கேட்டுச்சு. அதே மாதிரி அச்சுக்கும் கேளுங்க, தேதிக்கும் கேளுங்க.

அந்த ஏப்ரல் சார்ட்டைத் திரும்பப் போட்டப்போ நான் முதல்ல டைப் பண்ணது இதுதான்: "30 வரி இருக்கு, நாள்தான் முதல்ல, 30 புள்ளி வரணும், ஒண்ணு குறைஞ்சாலும் நிறுத்திட்டு என்கிட்ட சொல்லு." சரியா வந்துச்சு. அதுலேர்ந்து ஒவ்வொரு ஃபைலுக்கும் வரியை எண்ணி, இந்த வாக்கியத்தை காப்பி பண்ணி முன்னாடி போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கறேன். இந்த வாக்கியத்தை எழுதணும்னே தெரியாத ஆளுங்க நிறைய பேரு இருக்காங்க, அதை உங்க பக்கத்துலயே எழுதி வச்சுடுங்க.