கோழி சாகவில்லை என்பது மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கோழிக்குத் தடுப்பூசி என்றாலே, போட்ட பிறகு எத்தனை செத்தது என்றுதான் முதலில் கேட்கிறோம். சால்மோனெல்லா என்ற பாக்டீரியாவுக்கு எதிரான தடுப்பூசிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அந்தக் கிருமியில் கோழி டைபாய்டு உண்டாக்கும் கேலினாரம் வகை கோழியைக் கொல்லும், சரி. ஆனால் நமக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் தருகிற என்டெரிடிடிஸ் வகை, வளர்ந்த கோழியிடம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமல் குடலிலும் சினைப்பையிலும் தங்கி, ஓடு உருவாகும் முன்பே முட்டைக்குள் போய்விடக்கூடியது.

அதனால் ஊசி போட்ட குழு, போடாத குழு இரண்டுக்கும் ஒரே அளவு உயிருள்ள கிருமியை வாய்வழி கொடுத்து, அப்புறம் எச்சம், குடல், கல்லீரல், மண்ணீரல், முட்டை எல்லாவற்றிலும் கிருமி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். எச்சத்தில் எத்தனை நாள் கிருமி வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் கொட்டகை முழுக்கப் பரவுவது அதன் வழியாகத்தான்.

தடுப்பூசி தொற்றைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. பிரிட்டனில் 1988-இல் முட்டையில் சால்மோனெல்லா இருக்கிறது என்ற பீதியில் ஒரு அமைச்சரே பதவி விலகினார். 1998-இல் வந்த, முட்டையில் சிங்க முத்திரை குத்தும் திட்டம், அதில் சேர்ந்த பண்ணைகளுக்குத் தடுப்பூசியோடு சுகாதாரத்தையும் பரிசோதனையையும் சேர்த்தே கட்டாயமாக்கியது. 2017-இல் அந்த முத்திரை முட்டையைக் கர்ப்பிணிகளும் அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று அரசின் உணவுத் தர அமைப்பே அறிவித்தது.

நாமக்கல் முட்டை சத்துணவுக் கூடம் வரை போகிறது. இங்கே விற்கும் ஒவ்வொரு தடுப்பூசிக்கும் எச்சம், முட்டை சோதனை முடிவுகளைப் பண்ணையாளர்களுக்குத் தமிழில் வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், நாமக்கல்