மாரியில் மலையேறும் வான்களுக்குச் செங்கலடியிலேயே ஒரு அறிவித்தல் வேண்டும்

அன்பின் ஆசிரியருக்கு,

மார்கழி விடுமுறை வந்தால் நுவரெலியாவுக்கு வான் பிடிப்பது மட்டக்களப்புப் பக்கம் வழக்கமாகிவிட்டது. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, எங்கே பார்த்தாலும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வானை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளைக் கிரெகரி வாவியில் படகேற்றிக் காட்டுவோம் என்று கிளம்புகிறார்கள். வருடம் முழுக்க வெக்கையில் கிடக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் குளிரும் பனிமூட்டமும் பெரிய கொண்டாட்டம். போகவேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. ஆனால் அந்தப் பயணம் எந்த மாதத்தில், எந்த வீதியால், எத்தனை மணிக்கு நடக்கிறது என்று யோசித்தால் மனம் பதறுகிறது.

மட்டக்களப்பின் செங்கலடிச் சந்தியில் திரும்பிக் கறுத்தப்பாலத்தைத் தாண்டினால் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா, பதியத்தலாவை, பிபிலை என்று வீதி சமதரையாகவே போகும். பிபிலைக்குப் பிறகுதான் ஏற்றம். லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை, ஹக்கலை, அப்புறம் நுவரெலியா. இத்தனையும் ஒரே ஏ5 வீதிதான், அது அப்படியே பேராதனை வரைக்கும் போகிறது. வீதி இப்போது நல்ல காபெட், வழவழப்பான தார் வீதி. அதனால்தான் சாரதிகளுக்கும் துணிச்சல் கூடிவிட்டது. காபெட் போட்டது வீதிக்கு மட்டும்தான், பக்கத்தில் நிற்கிற மண்மேட்டை யாரும் கட்டிவைக்கவில்லை.

இதில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. மலைநாட்டில் மழை என்றால் வைகாசியிலிருந்து புரட்டாதி வரைக்கும், அதாவது இங்கே கச்சான் காற்று அடிக்கிற காலத்தில், என்று நினைக்கிறோம். அது ஹற்றன், கினிகத்தேனைப் பக்கத்துக்குச் சரி, அந்தப் பக்கத்தை நனைப்பது தென்மேல் பருவக்காற்று. பதுளைப் பக்கம் அப்படியில்லை. வங்காள விரிகுடாவிலிருந்து வந்து நமது வயல்களில் கொட்டுகிற அதே மாரி மேகம்தான் நமது தலைக்கு மேலாகப் போய் லுணுகலை, மடூல்சீமை, பசறை மலைகளில் முட்டி அங்கேயும் கொட்டுகிறது. மட்டக்களப்பில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் பசறை மண்ணும் ஊறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். விடுமுறையும் அந்த மாதத்திலேயே வந்து விழுகிறது.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது கண்டியிலும் பதுளையிலும் நுவரெலியாவிலும் மலைகள் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். அதனால் புயல் என்றால் இப்போது பயப்படுகிறோம். ஆனால் மலை சரியப் புயல்தான் வரவேண்டும் என்றில்லை. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தோட்டத்து லயன் வீடுகளோடு நமது சனங்கள் மண்ணுக்குள் போனது புயலாலா? மாரி மழையால். பசறை 13ஆம் கட்டையில் 2021 மார்ச்சில் பஸ் பள்ளத்தில் விழுந்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அந்த இடத்திலும் மேலிருந்து விழுந்த பாறையொன்று வீதியில் கிடந்து வழியை ஒடுக்கியிருந்தது. நமது வான்கள் போவதும் அந்த வீதியால்தான்.

நாங்கள் போனபோது லுணுகலையைத் தாண்டிய ஒரு வளைவில், மழைக்குச் சாக்கைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு நின்ற தோட்டத்து அம்மா ஒருவர் கையைக் குறுக்கே நீட்டி வானை மறித்தார். "மேல கல்லு உருளுதுங்க, வண்டிய இங்கயே நிப்பாட்டுங்க" என்றார். இறங்கிப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மண்மேட்டின் அடியிலிருந்து தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது, புளியங்கொட்டை அளவில் கற்கள் ஒவ்வொன்றாக வீதியில் வந்து விழுந்துகொண்டிருந்தன, மேலே ஒரு சவுக்கு மரம் வீதிப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. காலையில் அந்தத் தண்ணீர் தெளிவாக வந்ததாம், இப்போது கலங்கிவிட்டதாம், அதுதான் தனக்குப் பயம் என்று அவர் சொன்னார். நாங்கள் பின்னுக்கு எடுத்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்க வீதியை மண் மூடியது. மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்து அள்ளும் வரைக்கும் இரண்டு பக்கமும் வாகனங்கள் வரிசையாக நின்றன. அந்த அம்மாவுக்கு மலை பேசுவது விளங்குகிறது, ஏனென்றால் அவருடைய லயன் வீடு அந்த மேட்டில்தான் இருக்கிறது. கடற்கரையில் பிறந்த நமக்கு அது எப்படி விளங்கும்? இதையே இரவில் கடந்திருந்தால் ஒழுகும் தண்ணீரின் நிறமும் தெரியாது, சாய்ந்த மரமும் தெரியாது, மறிக்க ஒரு ஆளும் நின்றிருக்கமாட்டார்.

ஆனால் பெரும்பாலான வான்கள் இரவு பத்து பதினொரு மணிக்குத்தான் வெளிக்கிடுகின்றன. ஒரு நாள் விடுதிக் காசு மிச்சம் என்பதுதான் காரணம். காசு இல்லாத குடும்பங்களின் கணக்கு அது, நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் புல்லுமலைக்கும் மகா ஓயாவுக்கும் இடையில் இரவில் யானை நிற்கும், ஹக்கலையில் மூடுபனியில் முன்னால் போகிற வாகனத்தின் சிவப்பு லைற்றைத் தவிர ஒன்றும் தெரியாது, சாரதியோ பகல் முழுக்க வேறு ஓட்டம் ஓடிவிட்டு வந்திருப்பார். விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டால் ஏற்றம் முழுவதையும் பகல் வெளிச்சத்தில் ஏறிவிடலாம். ஒரு படுக்கைக் காசு கூடப் போகும். போகட்டும்.

இனி நான் கேட்க வந்தது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைகளைப் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக வெளியிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு, ஆட்கள் வெளியேறவேண்டிய நிலை. இது தொலைக்காட்சியில் வெறும் இடங்களின் பெயராக ஓடி மறைந்துவிடுகிறது. "பசறை மஞ்சள்" என்று கேட்கிற நமது சாரதிக்கு அது தான் நாளைக்கு ஓட்டப்போகும் வீதி என்று உறைப்பதில்லை. ஆகவே உங்கள் பத்திரிகை நவம்பரிலிருந்து ஜனவரி வரைக்கும் முதல் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்கி, லுணுகலை, பசறை, பதுளை, ஹாலிஎல, வெலிமடை, நுவரெலியா என்று ஏ5 வீதியின் வரிசையிலேயே அன்றைய நிறத்தைப் போடவேண்டும். அதற்குக் கீழே அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தையும் போட்டால் வழியில் நிற்பவருக்குக் கேட்க ஒரு இடம் இருக்கும்.

அதே விபரம் செங்கலடிச் சந்தியில் ஒரு பலகையில், தமிழிலும் சிங்களத்திலும், ஒவ்வொரு நாளும் காலையிலும் மாலையிலும் எழுதப்படவேண்டும். வெள்ளைப் பலகையும் மூன்று நிறப் பேனாவும் எழுதுகிற ஒருவரும் போதும், மின்திரை எல்லாம் தேவையில்லை. மலைக்குப் போகிற நமது வான்களில் பெரும்பாலானவை அந்தச் சந்தியால்தான் திரும்புகின்றன, அங்கே நிறுத்தித் தேத்தண்ணி குடிக்காத சாரதியும் குறைவு. சிவப்பு என்று கண்டால் அங்கிருந்து வீட்டுக்குத் திரும்புவது லேசு. பசறை வரைக்கும் போன பிறகு, வாவியைப் பார்க்காமல் திரும்பமாட்டோம் என்று அழுகிற பிள்ளைகளோடு திரும்புவது எவ்வளவு கஷ்டம் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

பலகைக்கும் அதை நடுவதற்கும் ஆகும் செலவில் பங்கெடுக்க எங்கள் பகுதி வான் சாரதிகள் சிலர் சம்மதித்திருக்கிறார்கள். இடத்துக்கு அனுமதியும், நாளாந்தம் எழுத ஒரு ஆளும்தான் வேண்டும். பொறுப்பானவர்கள் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் இதற்குப் பதில் தரவேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி.