125 கிராம் ரொட்டி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டாம் உலகப் போர் பற்றிய உங்கள் கட்டுரையில், சோவியத் நகரமான லெனின்கிராடை (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) ஜெர்மன் படைகள் சுற்றி வளைத்த முற்றுகை ஒரே வரியில் முடிந்துவிட்டது, மனசு ஆறவில்லை. 1941 செப்டம்பர் 8 முதல் 1944 ஜனவரி 27 வரை, 872 நாள் அந்த நகரம் பட்டினி கிடந்தது. முதல் குளிர்காலத்தில் குழந்தைகளுக்கு நாளைக்கு 125 கிராம் ரொட்டிதான். அதுவும் முழு மாவு இல்லை, மரக்கூழ் கலந்தது. உறைந்த லடோகா ஏரியின் மேல் லாரிகளில் வந்த உணவுதான் பலரைப் பிழைக்க வைத்தது.

அப்புறம், அதே நகரில் தாவர விஞ்ஞானி வவிலோவின் விதை ஆய்வு நிலையம்! நெல்லும் கோதுமையும் பக்கத்திலேயே இருக்க, விதையைத் தின்னாமல் காத்த விஞ்ஞானிகள் பசியால் செத்துப்போனார்கள். தளபதிகளைப் பற்றி நிறையப் படித்துவிட்டோம். இவர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள், ஐயா.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்