ஜாமீன் கிடைத்தும் சிறையில் ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

"ஜாமீன் கொடுத்தாச்சுன்னு சொன்னாங்களே, இன்னும் ஏன் தம்பி என் பையன் வெளியே வரலை?" என்று எங்கள் தெருவில் ஓர் அம்மா பார்ப்பவர்களிடம் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகன் பெயின்டர், அடிதடி வழக்கு, அதுவும் முதல் வழக்கு. உத்தரவு வந்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் ஜாமீன்தாரராக நிற்க வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும் என்கிறார்கள். காலம் முழுக்க வாடகை வீட்டில் இருப்பவர்களின் அண்ணன் தம்பியும் பெரும்பாலும் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள், வரி ரசீதுக்கு எங்கே போவது? சொந்த வீடு உள்ளவர்களைக் கேட்டால், நாளைக்கு அவன் வாய்தாவுக்கு வராவிட்டால் எங்கள் தலையில் விழுமே என்று ஒதுங்குகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

1978இலேயே உச்ச நீதிமன்றம் இதைப் பேசிவிட்டது. மோதிராம் என்ற மத்தியப் பிரதேசத்துக் கொத்தனாரிடம் மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார், சகோதரர் முன்வந்தபோது சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்தார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, வேறு யாரும் ஜாமீன் நிற்காமல், அவரே எழுதிக் கொடுக்கும் 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். அப்புறம் 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர், இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதம் ஆகியும் பிணை கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானாகவே பார்க்கலாம். ஏழைக் கைதிகளின் பிணைக்கு 40,000 ரூபாய் வரை உதவ மத்திய அரசின் திட்டமும் அதே ஆண்டு வந்தது. இதில் ஒன்றுகூட அந்த அம்மாவுக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை.

சரி, எப்படியோ ஆள் பிடித்து வெளியே வந்தாலும் தினமும் காலை 10.30 மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. வேலை 9 மணிக்கே தொடங்கிவிடும், பாதியில் போகிறவனை எந்த மேஸ்திரி வைத்துக்கொள்வார்? கூலி இல்லாமல் வக்கீல் பீஸை எப்படிக் கொடுப்பான், வீட்டுக்கு அரிசி எப்படி வாங்குவான்? வாரம் ஒருநாள் மாலையில் கையெழுத்துப் போடச் சொன்னால் விசாரணை கெட்டுவிடுமா?

அடிபட்டவர் குடும்பத்தின் கோபம் நியாயமானதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. குற்றம் நிரூபணமானால் தண்டிக்கட்டும். ஆனால் 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், இன்னும் யாரும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்லாதவர்கள். காசும் வீடும் உள்ளவன் அன்று மாலையே வெளியே வருகிறான், அதே பிரிவில் கைதான கூலிக்காரன் உள்ளேயே கிடக்கிறான். இதை நீதி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். கைதுச் செய்திகளை நாள்தோறும் போடுகிறீர்கள், அதன் கீழேயே இலவச சட்ட உதவி எண் 15100 என்பதையும், ஜாமீன் கிடைத்து 7 நாள் ஆகியும் வெளியே வராவிட்டால் யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்