மீட்டர் காட்டும் ஐந்து

அன்புள்ள மகளுக்கு,

கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று மீட்டர் காட்டியும், கொடுவா மீன் குஞ்சுகள் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது ஏன் என்று கேட்டிருந்தாய். முதலில் மீட்டரில் உப்புத்தன்மை என்னவென்று பதிந்திருக்கிறது என்று பார். 30 டிகிரி வெப்பத்தில் நன்னீர் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 35 பிபிடி, அதாவது ஆயிரத்தில் 35 பங்கு உப்புள்ள கடல்நீரோ 6.2-க்கு மேல் தாங்காது. நன்னீர்க் கணக்கிலேயே மீட்டரை விட்டுவைத்திருந்தால், அது 5 என்னும்போது நீரில் இருப்பது நாலுக்குச் சற்றுக் கூடுதல்தான். ஒரு பருவம் முழுக்க நானே இந்தத் தவறைச் செய்துகொண்டு, குஞ்சு தின்னவில்லையென்று தீனியின் மேல் பழி போட்டிருக்கிறேன்.

மீட்டர் சரியாக இருந்தாலும், அந்த ஐந்து எல்லா நேரத்துக்கும் ஒரே ஐந்து அல்ல. நீர் 10 டிகிரி சூடேறினால் மீனின் ஆக்சிஜன் தேவை ஏறக்குறைய இரட்டிக்கும். எடைக்கு எடை பார்த்தால் பெரிய மீனைவிடக் குஞ்சுக்கே அது அதிகம் வேண்டும். தின்றபின் செரிமானத்துக்காகச் சில மணி நேரம் இன்னும் கூடும். உச்சிவெயிலில் வயிறு முட்டத் தீனி போடுவதை நான் வெறுப்பது இதனால்தான்.

உன் தொட்டியில் குஞ்சுகள் நெருக்கமாக இருப்பதால் கரியமில வாயுவையும் சந்தேகப்படு. சிலிண்டரிலிருந்து ஆக்சிஜனை மட்டும் செலுத்தினால் மீட்டர் நல்லபடியாகவே காட்டும். ஆனால் குஞ்சுகள் வெளிவிட்ட வாயு நீரிலேயே தங்கி, இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றிக்கொள்ளும் வலுவைக் குறைத்துவிடும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் வழக்கத்தைவிட இறங்கியிருந்தால் அதுவே அடையாளம். காற்றைச் சிறு குமிழிகளாக நீரில் விடும் காற்றுக்கல்லைப் பலமாக ஓடவிட்டால் வாயு வெளியேறும். கூடவே பிஎச் ஏறி, அம்மோனியாவில் நஞ்சாகும் பங்கும் கூடுமென்பது இதிலுள்ள தொல்லை, ஆகவே அன்று அம்மோனியாவையும் அளந்துவிடு.

குஞ்சுகள் எப்போது அதிகம் மூச்சுக்குத் திணறுகின்றன என்று அறிய, தொட்டியோரம் அசையாமல் நின்று, ஒரே குஞ்சைக் கண்ணில் வைத்து, அரை நிமிடத்தில் அதன் செவுள் மூடி எத்தனை முறை அடிக்கிறதென்று எண்ணு. இப்படி ஐந்தாறு குஞ்சுகளைக் காலைத் தீனிக்கு முன்னும், தீனி போட்டு ஒரு மணி நேரம் கழித்தும் எண்ணி, வெப்பம், உப்பு, பிஎச் மூன்றையும் பக்கத்திலேயே குறித்துவை. ஒரு வாரக் குறிப்பு சேர்ந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா